வெள்ளைப் பணியாரம் சுட்ட கைக்கு கேக் ஏன் வரவில்லை?

செட்டிநாட்டுப் பக்கம் விருந்துக்குப் போனவர்களுக்கு வெள்ளைப் பணியாரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஓரம் பூ மாதிரி சுருங்கி, நடுவில் பஞ்சாக உப்பி, நிறம் மாறாமல் வெள்ளையாகவே எண்ணெயிலிருந்து வரும். கூடவே வரமிளகாய்த் துவையல். காரைக்குடி, தேவகோட்டை வீடுகளில் இதை ஒரு கரண்டி மாவு பிசகாமல் சுடுகிற ஆச்சிகள் இருக்கிறார்கள். ஆனால் அதே கை முதல் தடவையாக மைதா, முட்டை, வெண்ணெய் வைத்து கேக் செய்யும்போது என்ன ஆகிறது? பல வீடுகளில் கிடைப்பது ரப்பர். கத்தி இறங்காது, மென்றால் இழுக்கும்.

உடனே பழி ஓவன் மேல் விழும். இல்லை, பேக்கிங் பவுடர் பழசு என்பார்கள். உண்மையில் கேக் பெரும்பாலும் அடுப்பில் ஏறுவதற்கு முன்பே கெட்டுப்போகிறது, கலக்கும்போது. அதுவும் கைக்குத் தெரியாததால் கெடவில்லை. வேறு ஒன்றை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பதால் கெடுகிறது! இது எப்படி என்று புரிய கொஞ்சம் வரலாறு வேண்டும்.

முதலில் நம் வார்த்தைகளைப் பாருங்கள். ஆங்கிலத்து கேக் புத்தகங்களில் ஒவ்வொரு கலவை முறைக்கும் தனிப் பெயர் இருக்கிறது, அதைப் படிக்கவே ஒரு வகுப்பு வேண்டும் போலிருக்கும். ஆனால் தமிழ் அடுப்படியில் இவை எல்லாமே வினைச்சொற்களாக ஏற்கெனவே உண்டு. பிசறு, பிசை, குழை, கரை, கடை, அடி, ஆட்டு, கிளறு, விரவு. இவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் கிடையாது. புட்டு மாவைப் பிசற வேண்டும், பிசைந்தால் கெட்டது. சப்பாத்தி மாவைப் பிசைய வேண்டும், பிசறினால் உருட்ட வராது. பருப்பைக் கடைவார்கள், அல்வாவைக் கிளறுவார்கள், ரவா தோசைக்குக் கரைப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இந்தச் சொற்களை மாற்றிப் போட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் இன்றைய சமையல் குறிப்புகளில் இத்தனைக்கும் சேர்த்து ஒரே வரிதான்: "நன்றாகக் கலக்கவும்." கேக் குறிப்பிலும் அதே வரிதான். அங்கேதான் சிக்கல்.

வெள்ளைப் பணியாரத்துக்கு வருவோம். இதன் அளவு முறையே அழகு. ஒரு உழக்கு பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். உளுந்து சரிந்து கீழே விழ ஆரம்பித்தால் அதுதான் அளவு. தராசும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். (பைசா பிசகாமல் பேரேடு எழுதிய வீடுகளில் பலகாரக் கணக்கு இப்படி!) ஒரே ஒரு எச்சரிக்கை: வாய் அகன்ற டம்ளரில் அளந்தால் கோபுரம் பெரிதாகி உளுந்து கூடிவிடும். அதனால்தான் அளக்கிற பாத்திரத்தை மாற்ற மாட்டார்கள்.

இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக ஆட்டி, உப்பும் துளி சர்க்கரையும் சேர்த்து உடனே சுட்டுவிட வேண்டும். இட்லி மாதிரி புளிக்க விடக்கூடாது. புளித்தால் எண்ணெய் குடிக்கும். இதில் ஒரு கேள்வி எழ வேண்டும். புளிக்கவில்லை, சோடா போடவில்லை, முட்டை இல்லை. அப்புறம் எது உப்ப வைக்கிறது?

காற்றுதான். உளுந்தில் ஒரு வகைப் புரதமும், வழுவழுவென்று இருக்கும் ஒரு பசையும் உண்டு. ஆட்டும்போது உள்ளே போகும் காற்றுக் குமிழ்களை இவை இரண்டும் சேர்ந்து உடையாமல் பிடித்துக்கொள்கின்றன. வடைக்கு ஆட்டிய மாவில் ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது இதற்குத்தான். மிதந்தால் காற்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். சூடான எண்ணெயில் அந்தக் காற்றும் நீராவியும் விரிய, பணியாரம் எழும்புகிறது. முட்டையை நுரைக்க அடித்துச் செய்கிற ஸ்பாஞ்ச் கேக்கிலும் நடப்பது இதுவேதான். வெள்ளைப் பணியாரத்தை முட்டை இல்லாத ஸ்பாஞ்ச் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆக, ஆட்டுரலில் பழகிய கைக்கு ஒரு பாடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது: எவ்வளவு ஆட்டுகிறோமோ அவ்வளவு மென்மை. உளுந்துக்கு இது முழு உண்மை. அரிசியும் குறுக்கே நிற்காது.

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். 1747-ல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். அதில் பவுண்டு கேக் இருக்கிறது. மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை எல்லாம் ஒவ்வொரு பவுண்டு, அதனால் அந்தப் பெயர். நம் உழக்குக் கோபுரம் மாதிரியே ஞாபகத்தில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு. அதில் கவனிக்க வேண்டியது, வெண்ணெயைக் கையாலேயே ஒரே பக்கமாகச் சுற்றி கிரீம் போல ஆகும்வரை குழைக்கச் சொல்கிறார். பிறகு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ அடிக்கச் சொல்கிறார். ஒரு மணி நேரம்! பின்கட்டில் ஆட்டுரல் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் அந்த இங்கிலாந்துச் சமையல்காரிக்கும் தோள்வலி ஒன்றுதான்.

அப்போது பேக்கிங் பவுடர் கிடையாது என்பதால் காற்றைக் கையால்தான் அடைக்க வேண்டும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து குழையும்போது, கூர்மையான சர்க்கரைத் துகள்கள் வெண்ணெய்க்குள் கோடு கிழித்து நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. மஞ்சள் வெண்ணெய் வெளுத்துப்போவது அதனால்தான். இதுதான் குழைக்கும் முறை. வெண்ணெய் கேக்குகளுக்கு இன்றும் இதுவே முதல் முறை.

இங்கிலாந்தில் இந்தப் புத்தகம் வருவதற்கு முன்பே இத்தாலியின் பொலோனியாவில் பெக்காரி என்ற பேராசிரியர் கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தார். வெள்ளை மாவு கரைந்து போனபின் கையில் ரப்பர் போல ஒரு பசை மிஞ்சியது. 1728-ல் அதைப் பற்றிப் பேசினார், 1745-ல் அச்சில் வந்தது. அதுதான் குளுட்டன். வீட்டிலேயே செய்து பார்க்கலாம், ஒரு கைப்பிடி மைதா போதும். அரிசி மாவில் எவ்வளவு அலசினாலும் இப்படி ஒன்று மிஞ்சாது.

எல்லாவற்றுக்கும் இதுதான் திருப்பம். மைதாவில் தண்ணீர் பட்டு, மேலும் மேலும் அடித்தால் இந்தக் குளுட்டன் இழை இழையாகப் பின்னிக்கொள்ளும். பரோட்டாவுக்கும் ரொட்டிக்கும் அது வேண்டும். பரோட்டா மாஸ்டர் மாவை அடித்து அடித்து வீசுவது அந்தப் பின்னலுக்காக. கேக்குக்கு அது எமன். ஆகவே மைதா விழுவதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், விழுந்தபின் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். உளுந்துக்குப் பழகிய கை நேர்மாறாகச் செய்கிறது. கட்டி தெரிகிறதே, இன்னும் கொஞ்சம் அடிப்போம், மிருதுவாக வரும் என்று. வருவது ரப்பர்.

(பவுண்டு கேக்கில் ஒரு மணி நேரம் அடித்தும் ரப்பர் ஆகவில்லையே என்று கேட்கலாம். மாவுக்குச் சமமாக வெண்ணெயும் சர்க்கரையும் இருப்பதால் குளுட்டன் எளிதில் பின்ன முடியாது. கொழுப்பு குறைவான இன்றைய வீட்டு கேக்கில் அந்தப் பாதுகாப்பு இல்லை.)

சரி, அரிசி ஊரில் மைதா எப்போது நுழைந்தது? இதற்குள் செட்டிநாட்டின் சொந்தக் கதையே இருக்கிறது. நகரத்தார் 19-ம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலாயா என்று கொண்டுவிற்கப் போனார்கள். 1852-ல் கீழ் பர்மா பிரிட்டிஷ் கைக்கு வந்தது, 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசி உலகச் சந்தைக்குப் போக, அதற்கான கடன் செட்டியார் கடைகளிலிருந்து போனது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலம் திரும்பியது. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் சுமார் 25 சதவீதம் செட்டியார்கள் பேரில் இருந்தது. கவுனி அரிசி, ரங்கூன் புட்டு எல்லாம் அந்தப் போக்குவரத்தின் மிச்சம்.

1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் இரண்டு விஷயம் ஒன்றாக நடந்தது. செட்டியார்கள் நிலத்தையும் பெட்டகத்தையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. தட்டுப்பாட்டில் கோதுமை ரேஷனில் வர ஆரம்பித்தது. பிறகு 1956-ல் அமெரிக்காவோடு போட்ட பி.எல்.480 ஒப்பந்தத்தில் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. 1965-ல் மத்திய அரசே மாடர்ன் பேக்கரீஸ் தொடங்கி ரொட்டி விற்றது. அரிசியை வைத்தே உலக வியாபாரம் செய்த ஊருக்கு, அந்த வியாபாரம் முறிந்த அதே அடியில் கோதுமை வந்து சேர்ந்தது என்பது விசித்திரம்தான்.

பர்மாவிலிருந்து கேக் வந்த கதையும் ஒன்று உண்டு, ஆனால் அது காரைக்குடிக்கு வரவில்லை, தலச்சேரிக்குப் போனது. மாம்பள்ளி பாப்பு என்பவர் பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்றுத் திரும்பி 1880-ல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி தொடங்கினார். 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பிளம் கேக்கைக் காட்டி இதே போல வேண்டும் என்று கேட்க, பாப்பு செய்து கொடுத்தார் என்பது அந்தக் குடும்பம் பெருமையாகச் சொல்லும் வரலாறு. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

இடையில் மேல்நாட்டில் தோள்வலிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். 1796-ல் அமெரிக்காவில் அமீலியா சிம்மன்ஸ் எழுதிய புத்தகத்தில் மரச்சாம்பலிலிருந்து எடுத்த கார உப்பைப் போட்டு மாவை எழுப்பச் சொல்கிறார். நம் அப்பளக்காரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளலாம். 1843-ல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் பேக்கிங் பவுடர் செய்தார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது, முட்டையும் ஒத்துக்கொள்ளாது. முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரும் (1837) அவர் மனைவிக்காகச் செய்ததுதான். வியாபாரப் பாடத்தில் சந்தை ஆய்வு என்று எத்தனையோ பக்கம் வருகிறது. பேர்டுக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர் போதுமானதாக இருந்தது.

சோடா நம் ஊருக்கு வந்தபோது என்ன பெயர் கிடைத்தது பாருங்கள். ஆப்ப சோடா! கேக்குக்கு அல்ல, ஆப்பத்துக்கு. அதுவும் சரியான இடம்தான். சோடா தனியாக வேலை செய்யாது, புளிப்பு வேண்டும். புளித்த ஆப்ப மாவில் அது இருக்கிறது. முட்டை சேர்க்காத வீடுகளில் கேக்குக்குத் தயிரோ வினிகரோ சோடாவோடு சேர்ப்பதும் இதே கணக்கு.

ஆனால் பேக்கிங் பவுடர் வந்ததும் ஒரு தப்பான எண்ணமும் கூடவே வந்தது: இனிமேல் கலக்கும் முறை முக்கியமில்லை என்று. பவுடர் புதிதாகக் குமிழை உண்டாக்குவதில்லை. கலக்கும்போது ஏற்கெனவே உள்ளே போன சின்னக் குமிழ்களுக்குள் வாயுவை நிரப்பிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். காற்றே இல்லாத மாவில் எத்தனை ஸ்பூன் போட்டாலும் அங்கங்கே பெரிய ஓட்டைகளும் கசப்பும்தான் மிச்சம்.

காற்றை அடைக்கும் வேலை மெல்ல மெஷினுக்குப் போனது. கைப்பிடியைச் சுற்றினால் முட்டை அடிக்கும் கருவிக்கு 1870-ல் டர்னர் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கினார். 1919-ல் வீட்டுக்கான கிச்சன்எய்ட் மிக்ஸர் வந்தது. இங்கே 1955-ல் கோயம்புத்தூரில் பி.சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கினார். அதைத் தமிழ்நாட்டுப் பெண்களின் தோள்பட்டைக்குக் கிடைத்த விடுதலை என்று சொன்னால் மிகை இல்லை. 1960-களில் மிக்ஸி. 2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி இலவசமாகக் கொடுக்க, ஆட்டுரல்கள் திண்ணைக்கும் தோட்டத்துக்கும் போயின. மேல்நாட்டு மெஷின் அடிக்கிறது, நம் மெஷின் அரைக்கிறது. இந்த வித்தியாசம் கேக்கில் தெரியும். கிரைண்டர் மெதுவாகச் சுற்றி மாவைச் சூடாக்காமல் காற்றை ஏற்றும். மிக்ஸி பிளேடு வேகமாக வெட்டும், சூடாக்கும்; அதனால்தான் மிக்ஸியில் அரைத்த உளுந்து கிரைண்டர் அளவுக்குப் பொங்குவதில்லை.

இனி எந்த முறையை எப்போது என்று பார்க்கலாம். காரைக்குடியில் இருந்துகொண்டே பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

குழைக்கும் முறைக்கு வெண்ணெய் 20 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் நல்லது. விரல் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், உருகக்கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் 38 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் மத்தியானம் இதைச் செய்வது வீண். வெண்ணெய் எண்ணெயாகி, அடைத்த காற்றெல்லாம் போய்விடும். விடியற்காலையில் செய்யலாம், இல்லையென்றால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீருக்குள் வைத்துக் குழைக்கலாம். சூடு பிடிவாதம் பிடித்தால் முறையையே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். 1927-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாரி பேக்கர் என்ற, இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த மனிதர் வெண்ணெய்க்குப் பதில் சமையல் எண்ணெய் வைத்து ஷிஃபான் கேக் கண்டுபிடித்தார். இருபது வருடம் ரகசியமாக வைத்திருந்து 1947-ல் ஜெனரல் மில்ஸ் கம்பெனிக்கு விற்றார். அதில் காற்று முழுக்க வெள்ளைக்கரு நுரையிலிருந்து வருகிறது, வெண்ணெயை நம்பி இல்லை. வெயில் ஊருக்கு நல்ல முறை.

முட்டை நுரை என்றதும் ஒரு வேடிக்கை. செட்டிநாட்டுப் பலகாரங்களில் முட்டை கிடையாது. ஆனால் செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் உண்டு! வெள்ளைக்கருவைத் தின்பண்டமாக்கியது தெற்கே தூத்துக்குடி. அங்கே மக்ரூன் என்றால் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றே பொருள். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்தபின் முந்திரித் தூளை அடிக்கக்கூடாது, விரவ வேண்டும். அடியிலிருந்து மேலாக மெதுவாகப் புரட்டிவிடுவது. ஸ்பாஞ்சுக்கு மாவு சேர்ப்பதும் இப்படித்தான். பதினைந்து இருபது புரட்டலில் முடிந்தால் நல்லது.

பிசறும் முறையில் செட்டிநாட்டுக் கையை யாரும் அசைக்க முடியாது. தேன்குழலுக்கும் சீப்பு சீடைக்கும் தண்ணீரோ தேங்காய்ப்பாலோ ஊற்றுவதற்கு முன் வெண்ணெயை மாவில் பிசறுவார்கள், பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். மைதாவில் செய்தால் கொழுப்பு ஒவ்வொரு துகளையும் பூசிவிடுவதால் தண்ணீர் உள்ளே போகாது, குளுட்டன் பின்னாது. உதிரும் பிஸ்கட்டும் ஸ்கோனும் இப்படி வருகின்றன. அரிசியில் சூடான எண்ணெய்கூட ஊற்றுவார்கள். மைதா பிஸ்கட்டுக்குக் குளிர்ந்த வெண்ணெய், விரல் நுனி மட்டும், உள்ளங்கை படக்கூடாது. இந்த ஒரு வித்தியாசம்தான்.

பாகில் சேர்ப்பது அதிரச வழி. ஈர அரிசி மாவில் வெல்லப்பாகை ஊற்றிக் கிளறி, ஒரு நாளாவது மூடி வைப்பார்கள். திருப்பதி கோயிலின் விஜயநகரக் காலக் கல்வெட்டுகளிலேயே அதிரசப் படி வருகிறது, அவ்வளவு பழசு. வெண்ணெயையும் பாகையும் உருக்கி மாவில் ஊற்றுகிற இஞ்சி கேக்கும் இதே வகைதான். அதுவும் மறுநாள்தான் ருசி. கருப்பட்டி, வெல்லம் போட்டு கேக் செய்ய நினைப்பவர்கள் குழைக்கப் பார்க்காமல் இந்த வழிக்கு வந்துவிட வேண்டும், வெல்லம் சர்க்கரை மாதிரி வெண்ணெயில் காற்றடைக்காது. பாகு ஆறட்டும், கொதிக்கக் கொதிக்க முட்டையில் ஊற்றினால் பொரியல்தான்.

மிச்சம் இருப்பது கரைப்பது. மஃபின், பான்கேக் எல்லாம் இது. ஈரப் பொருள் ஒரு பாத்திரம், மாவு ஒரு பாத்திரம், இரண்டையும் சேர்த்துப் பத்துச் சுற்று. சின்னக் கட்டிகள் இருக்கும், இருக்கட்டும். உளுந்துக் கைக்கு இதுதான் மிகக் கஷ்டமான முறை, கட்டியைக் கண்டால் கை சும்மா இருக்காதே!

இன்று வீடுகளில் பரவியிருப்பது மிக்ஸி கேக். எல்லாவற்றையும் ஜாரில் கொட்டி ஓடவிட்டு, குக்கரில் மணல் பரப்பி வேகவைப்பது. இதில் பாதி சரி. முட்டை, சர்க்கரை, எண்ணெய் மூன்றையும் மிக்ஸியில் தாராளமாக ஓட்டலாம், அது காற்றுக்கு நல்லது. மைதாவை மட்டும் ஜாரில் போடக்கூடாது. பாத்திரத்தில் சலித்து வைத்து, அடித்ததை அதில் ஊற்றி, கரண்டியால் விரவி, வெள்ளை மாவு கண்ணில் படாமல் போன நொடியில் நிறுத்திவிட வேண்டும்.